கல்லுக்குப் பின்னால்

"நிறுத்துங்க. அந்தக் கல்லை நேரா தண்ணிக்குள்ள போட்டா மீன் செத்துடும்."

பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, மூத்த மகள் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அப்பாவைப் பார்க்க வருகிறவள். மூன்று மாத அதிகாரமும் சேர்ந்துதான் வரும்.

ஹாலில் அப்பா கட்டிலில் கிடந்தார். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்து ஒரு வருஷம் ஆகிறது. கட்டிலுக்கு நேர் எதிரே, செத்துப்போன அம்மாவின் கடல் மீன் தொட்டி. ஸ்டூல் மேல் ஏறி நின்ற தொட்டிக்காரர், கையில் பூசணி அளவுக் கல்லோடு அப்படியே நின்றார். கீழே ஒரு வாளி நிறைய இன்னும் கற்கள். வீடு முழுக்கக் கடற்கரை வாடை.

"யாரோட கல்லு இது?"

"ஒருத்தர் தொட்டி வேணாம்னு மூடிட்டார்மா. அவர்கிட்டே இருந்து வாங்கினது. பழசுன்னாலும் நல்ல லைவ் ராக். பொந்துக்குள்ள சின்னச் சின்னப் பூச்சி, புழு எல்லாம் உயிரோட இருக்கு."

"அதான் சொல்றேன். வழியில பாதி செத்து அழுகிப் போயிருக்கும். தண்ணி கெட்டுடாது? எங்கம்மா ஒரு கல்லு வாங்கினா, மூணு வாரம் பால்கனியில தனி வாளியில போட்டு வச்சிட்டுதான் உள்ள விடுவாங்க. இந்த வீட்டுல எல்லாருக்கும் தெரியும்."

'எல்லாருக்கும்' என்றபோது பார்வை, வாளி பக்கத்தில் நின்ற தம்பி மனைவி மேல் போய் நின்றது.

அவள் தொட்டிக்காரரிடம், "நீங்க போடுங்கண்ணே" என்றாள், தலையை நிமிர்த்தாமல். கல் உள்ளே போனது.

பெரியவளுக்குச் சுருக்கென்றது. அம்மா போன பிறகு அப்பாவுக்கென்று மிஞ்சியது அந்தத் தொட்டியில் இருந்த ஒற்றை மஞ்சள் மீன்தான். அதற்கு 'மேனேஜர்' என்று பேர் வைத்ததும் அம்மாதான். வேலை எதுவும் செய்யாமல் எல்லா மூலைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருமாம். சாயங்காலம் நாலு மணிக்கு மேனேஜர் சாப்பிட்டால்தான் அப்பாவும் வாயைத் திறப்பார். இல்லாவிட்டால் டாக்டரே வந்து கெஞ்சினாலும் பல்லைக் கடித்துக்கொள்வார்.

"கல்லை அடுக்கி அடுக்கித் தொட்டியையே மறைச்சாச்சு. மீன் எங்கே இருக்குன்னே தெரியலை. அவர் வேற எதைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருப்பார்? அது செத்துத் தொலைஞ்சா தீனி போடற வேலை மிச்சம்னு பார்க்கிறியா?"

"அண்ணி, கொஞ்சம் உள்ள வாங்க."

சமையலறைக்குப் போனதும் தம்பி மனைவி குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் குரலை ஒளித்துக்கொண்டு பேசினாள்.

"மேனேஜர் செவ்வாய்க்கிழமையே போயிடுச்சு, அண்ணி."

பெரியவள் தோளில் இருந்த பையைக் கீழே இறக்கினாள்.

"காலையில மிதந்துச்சு. நல்லவேளை, மாமா தூங்கிட்டு இருந்தார். சத்தம் போடாம எடுத்துட்டேன். அத்தை கடைசியில என் கையைப் பிடிச்சு, 'மேனேஜரைப் பார்த்துக்கோ'ன்னாங்க. மீனையா சொன்னாங்க? மாமாவைத்தான் சொன்னாங்க. அது எனக்குத் தெரியாதா?"

"வேற மஞ்சள் மீன் ஒண்ணு வாங்கி விட்டிருக்கலாமே?"

"மேனேஜருக்கு வால்ல ஒரு கிழிசல் இருக்குமே. மாமா பார்த்த உடனே கண்டுபிடிச்சிடுவார். அதான் பொந்து நிறைய இருக்கற கல்லா கேட்டேன். மீன் உள்ள ஒளிஞ்சிருக்குன்னு சொல்லிக்கலாம். இத்தனை நாளும் பழைய கல்லைக் காட்டித்தான் சமாளிச்சேன். போடற தீனியைப் பூச்சிங்க தின்னுடுமாம். மீனே இல்லாத தொட்டிக்கு எதுக்கு அண்ணி மூணு வாரம்?"

மேடை மேல் ஒரு தட்டு மூடியிருந்தது. பெரியவள் திறந்து பார்த்தாள். மத்தியானச் சாப்பாடு, கை படாமல் ஆறிப்போயிருந்தது.

"இது யாருது?"

"என்னோடதுதான். மாமா சாப்பிட்டப்புறம் சாப்பிடலாம்னு வச்சிருக்கேன்."

பெரியவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. வந்ததிலிருந்து பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அவளையே திரும்பிக் குத்தியது.

மணி நாலு ஆனது. தொட்டிக்காரர் போய்விட்டிருந்தார். தம்பி மனைவி ஒரு சிட்டிகை தீனியைத் தொட்டியில் தூவிவிட்டு, கிண்ணத்தோடு கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.

"மாமா, மேனேஜர் வந்தாச்சு. அதோ, அந்தப் பெரிய கல்லுக்குப் பின்னால. வால் தெரியுது பாருங்க."

அப்பா கல்லையே பார்த்தார். பிறகு உதடு ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது.

"ஆமாம்மா. தின்னுட்டு உள்ள போயிடுச்சு."

வாயைத் திறந்தார். கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டார். அவள் வாய் துடைத்துவிட்டு, கிண்ணம் கழுவப் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.

பெரியவள் போர்வையைச் சரிசெய்தாள். தன் பங்குக்கு ஒரு பொய்யாவது சொல்ல வேண்டுமென்று தோன்றியது.

"மீன் நல்லா இருக்குப்பா."

அப்பா இடது கையால் கிட்டே வரச் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை அது மிதந்ததை முதல்ல பார்த்தவன் நான்தான்." ஒவ்வொரு வார்த்தையாகக் குளறிக் குளறி வந்தது. "அவ வர்ற சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கிட்டேன்."

"அப்பா..."

"அவகிட்டே சொல்லிடாதே. குழாயைத் திறந்துவிட்டா அழறது வெளியே கேக்காதுன்னு நினைச்சிட்டிருக்கா."

பெரியவள் இன்னும் கிட்டே குனிந்தாள். "அப்புறம் எப்படிப்பா தினமும் சாப்பிடறீங்க?"

உள்ளே குழாய் நின்றது. மேடை மேல் இருந்த தட்டின் மூடியை எடுக்கிற சத்தம் வந்தது. அப்பா அதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார்.

"நான் சாப்பிட்டாதான் அவ சாப்பிடறா."