குரைக்கும் நாய்தான் வேண்டும்

பவுனம்மாள் வீட்டுச் செம்பருத்தி வேலிக்குப் பின்னால் மண்டியிட்டு, கன்னையா இன்னொரு முறை குரைத்தார்.

இந்தத் தடவை நன்றாகவே வந்தது. அடிவயிற்றிலிருந்து எழும்பி, கடைசியில் ஓர் உறுமலோடு நின்றது.

வேலிக்கு முன்னால் கட்டப்பட்டிருந்த நாய் கொட்டாவி விட்டது.

பாவி நாய், வாயையாவது கொஞ்சம் அசைக்கக் கூடாதா என்று கன்னையா பல்லைக் கடித்தார். ரோட்டில் நின்ற பவுனம்மாள் நாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரம்மா தெருநாய்களுக்குக் காப்பகம் நடத்திவந்தாள். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும், சீக்கிரம் வந்துவிடுகிறேன், பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று அங்கே வேலை பார்த்த கன்னையாவிடம் சொல்லிவிட்டுச் சிங்கப்பூருக்குக் காரேறினாள். ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. சீக்கிரம் இன்னும் வரவில்லை.

இப்போது அந்தக் கொட்டகை ஜப்பான் பட்டாளத்துக்குச் சைக்கிள் நிறுத்த வேண்டுமாம். நாளைக்குள் நாய்களை யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும். மிஞ்சினால் சுட்டுவிடுவார்கள். நாய்களோடு அங்கேயே படுத்துக்கிடந்த கன்னையாவை என்ன செய்வதாக உத்தேசம் என்று யாரும் சொல்லவில்லை.

வீடு வீடாக ஏறி இறங்கி மற்றதற்கெல்லாம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டார். மிஞ்சியது இந்தச் செவலை ஒன்றுதான்.

தங்கமான நாய். மரவள்ளித் தோலைப் போட்டாலும் தின்னும். குழந்தை காதைப் பிடித்து இழுத்தாலும் சும்மா இருக்கும். குரைக்க மட்டும் மாட்டேன் என்றது. திருடன் வந்தாலும் அதற்கு விருந்தாளிதான்.

பவுனம்மாளோ, குரைக்கிற நாய் என்றால்தான் எடுப்பேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அவள் கேட்டதிலும் தப்பில்லை. புருஷன் விருத்தாசலத்தை ரயில்பாதை போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய் மாதக்கணக்காகிறது என்று குவாட்டர்ஸ் முழுக்கத் தெரியும். தனியாக இருக்கிற பெண்பிள்ளை. கொல்லையில் மரவள்ளி போட்டிருக்கிறாள். ஒரு கிழங்குக்குக் கழுத்தை அறுக்கிற காலம்.

"நான் பக்கத்துல நின்னா இது கூச்சப்படும்மா. நான் அப்படிப் போயிடுறேன். நீங்க யாரோ எவரோ மாதிரி ரோட்டுலேர்ந்து நடந்து வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கன்னையா வேலிக்குப் பின்னால் வந்து பதுங்கியிருந்தார்.

அவள் வந்தாள். இவர் குரைத்தார். அவள் பின்வாங்கி மறுபடியும் வந்தாள். இவர் மறுபடியும் குரைத்தார்.

அவள் நாயின் வாயைப் பார்த்தாள். பிறகு வேலியைப் பார்த்தாள்.

அப்போதுதான் அந்த லோரி வந்து நின்றது.

பின்னால் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சயாமுக்குப் பிடித்த ஆட்கள். முன்பக்கமிருந்து துப்பாக்கியோடு ஒரு சிப்பாயும், தொப்பி போட்ட, பேரெழுதும் தமிழ்க் கிராணி ஒருவனும் இறங்கினார்கள். பவுனம்மாள் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினாள்.

"வீட்டுல ஆம்பள யாரு இருக்கா?" என்றான் கிராணி.

"யாருமில்லிங்க. அவரு சயாம் போயிட்டாரு."

கன்னையாவுக்கு நாற்பது வயது. சயாமுக்குத் தோதான வயது. வேலிக்குப் பின்னாலிருந்து மனிதனாக எழுந்து நிற்க இது நேரமில்லை. அதனால் குரைத்தார்.

கிராணி கட்டியிருந்த நாயைப் பார்த்தான். அது வாயை மூடிக்கொண்டு அவனைப் பார்த்து வாலாட்டியது.

"அங்க என்னா சத்தம்?"

சிப்பாய் துப்பாக்கி முனையால் செம்பருத்தி இலைகளை விலக்கிக்கொண்டே வந்தான். கன்னையாவுக்கு அவனுடைய பூட்ஸ் தெரிந்தது. இன்னொரு முறை குரைக்க வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரைப்பு எழுந்தது.

சாதாரணக் குரைப்பா அது. தகரச் சுவர் அதிர்ந்தது. கதவை உள்ளிருந்து எதுவோ பிறாண்டியது. வெறிபிடித்த நாயாகத்தான் இருக்க வேண்டும். முடிவில் தொண்டை கிழிகிற மாதிரி ஒரு கரகரப்பு.

கிராணி அதற்குள் லோரியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். சிப்பாய் கதவைப் பார்த்தான், வேலியைப் பார்த்தான். நாய் பிடிக்க வந்தவன் இல்லை நான் என்பதுபோல் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

லோரி கிளம்பிப் போகும்வரை பவுனம்மாள் குனிந்தபடியே நின்றாள்.

கன்னையா எழுந்து வந்தார். முட்டியெல்லாம் சிவப்புக் களிமண். உயிர் பிழைத்ததும் அவருக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"உள்ளயே இவ்ளோ பெரிய நாய வச்சுக்கிட்டு, இது எதுக்கும்மா?"

அவள் ரோட்டை இருபுறமும் பார்த்தாள். வீட்டுக்குள் யாரோ இருமினார்கள். இருமல் நிற்கவில்லை. அப்புறம் சொம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.

"கொஞ்ச நாளா அவருக்குத் தொண்ட கட்டிப்போச்சுண்ணே" என்றாள் மெதுவாக. "எவ்வளவுதான் ஒருத்தரே குரைப்பாரு."

கன்னையா வீட்டுக் கதவைப் பார்த்தார். பிறகு குனிந்து செவலையின் கயிற்றை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தார். அது சத்தமில்லாமல் வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே போயிற்று.

பவுனம்மாள் கேட்டைச் சாத்தவில்லை. அவருக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.