நாற்பத்தெட்டு பவுண்டு

நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எடைப்பலகை வைத்தாயிற்று. என் அண்ணன் டெல்மர் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

இனி என் குட்டு வெளிப்பட வேண்டியதுதான் பாக்கி.

"டேய் புரொபசர், இன்னைக்குள்ள சொல்லிருவியா? இல்ல, இதுக்கும் ஒரு கட்டுரை எழுதிட்டுத்தான் வருவியா?"

"ஆடாம உக்காரு டெல். உன் தொப்பை மூச்சு விடுறதுல நம்பர் நிக்க மாட்டேங்குது."

கல்லூரியில் நான் தத்துவம் படிக்கிறேன். ஒரு காரைக் குறுக்கே அறுப்பதற்கு அது போதுமான தகுதி அல்ல என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருடமாக இந்த நோவா காரின் கதவைக்கூட என்னை வேகமாகச் சாத்தவிடாத டெல்மர், ஜூலையில் திடீரென்று கட்டிங் மிஷினை என் கையில் கொடுத்தான். "நீயே அறு. நான் பக்கத்துல உக்காந்து திட்டுறேன்."

சொன்னபடி திட்டினான்.

இந்தக் காருக்குப் பின்பக்கம் தனியாக எலும்பு கிடையாது. தகடும் சட்டமும் சேர்ந்த ஒரே உடம்பு. ஒரு கை அகலம் கூடுதலான பந்தய டயர் மாட்ட வேண்டுமென்றால், பின்சட்டங்கள் இரண்டையும் அறுத்து உள்பக்கமாகத் தள்ளி வெல்டிங் வைக்க வேண்டும். உடம்பு கோணாமலிருக்க, அறுப்பதற்கு முன்பே உள்ளே குறுக்கும் நெடுக்கும் குழாய் வைத்துப் பற்றவைத்தோம்.

இடது சட்டத்தை ஒழுங்காக அறுத்தேன்.

வலது சட்டத்தில், சாக்பீஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் அறுப்பதற்குப் பதில் இந்தப் பக்கம் அறுத்துவிட்டேன். ஒரு விரல் நீளம்.

டெல்மர் மதியத் தூக்கத்துக்குப் போயிருந்த நேரம். ஒட்டுப் போட்டேன், தேய்த்தேன், கறுப்புப் பெயின்ட் அடித்தேன். அவன் எழுந்து வந்து தடவிப் பார்த்து, "பரவால்லயே" என்றான். பன்னிரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

சட்டம் கோணியிருந்தால், பச்சை விளக்கு எரிந்ததும் கார் நேரே போகாது. வலதுபக்கம் போகும். வலதுபக்கம் கான்கிரீட் சுவர் இருக்கிறது. சனிக்கிழமை பந்தயத்தில் ஓட்டப்போவது டெல்மர்.

எடையில் தெரிந்துவிடும். கோணியிருந்தால் ஒரு பக்கம் இறங்கும், மறுபக்கம் ஏறும். ஏப்ரலில் இவனையே உட்காரவைத்து எடுத்த தாள் சுவரில் ஒட்டியிருந்தது. புது டயருக்கும் அறுத்து ஒட்டிய இரும்புக்கும் ஆகிற வித்தியாசத்தை நானே நிறுத்துப் பார்த்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் வரவேண்டிய எண்ணைப் பக்கத்திலேயே குறித்திருந்தேன்.

இடது முன்சக்கரம்: பதினேழு பவுண்டு குறைவு.

இடது பின்சக்கரம்: பதினேழு குறைவு.

என் காதுக்குள் சுவர் இடிகிற சத்தம் கேட்டது. அப்படியென்றால் வலதுபக்கம் ஏறியிருக்க வேண்டும்.

வலது முன்சக்கரம்: ஏழு குறைவு.

வலது பின்சக்கரம்: ஏழு குறைவு.

நாலையும் கூட்டினேன். மறுபடி கூட்டினேன். கோணல் எடையை இடம் மாற்றும், தின்றுவிடாது.

எதை மாட்ட மறந்தோம் என்று காரைச் சுற்றி வந்தேன். பாட்டரி இருந்தது. தீயணைப்பு உருளை இருந்தது. பெட்ரோல் ஏப்ரலைப் போலவே கழுத்துவரை நிரம்பியிருந்தது. பலகைகள் மேல் சந்தேகம் வந்து, ஓரத்தில் கிடந்த ஐம்பது பவுண்டு நாய்த்தீனி மூட்டையைத் தூக்கிப் பின்தளத்தில் வைத்தேன். சரியாக ஐம்பது ஏறியது. எடுத்துவிட்டேன்.

"என்னடா, மளிகை சாமான் ஏத்துற?"

ஓட்டுநர் பக்கத்து ஜன்னலுக்கு வந்து குனிந்தேன்.

கென்டக்கியின் ஆகஸ்ட் புழுக்கத்தில், தகரக் கொட்டகைக்குள், டெல்மர் இந்தக் கோடை முழுக்கக் கழற்றாத கனமான மேலங்கியைக் கழுத்துவரை ஜிப் போட்டிருந்தான். அவன் மனைவி வெர்னா காலையில் வைத்துவிட்டுப் போன சாண்ட்விச் டேஷ்போர்டில் முழுசாக இருந்தது. பந்தய பெல்ட்டை ஏப்ரலில் நான்தான் அவன் அளவுக்கு இறுக்கி மாட்டினேன். வயிறு பிதுங்குகிறது என்று கத்தினான். இப்போது அந்த பெல்ட்டுக்கும் அவனுக்கும் நடுவே என் இரண்டு கையும் தாராளமாகப் போகும்.

"கோணிருச்சா?" என்று கேட்டான்.

"இல்ல. கார் அப்படியேதான் இருக்கு."

எதிரே ஷட்டர் மூடியிருந்தது. சாலை தெரிவதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓட்டுறவன் எடை ஏப்ரல்ல இருந்த நூத்தித் தொண்ணூறுன்னே போட்டுரு," என்றான். "அந்தத் தாளப் பாத்துதான் வெர்னா பந்தயப் படிவம் நிரப்புவா."

"கூட்டிப் பாத்தா இடிக்கும், டெல்."

"படிச்சவன்தானே நீ."

பென்சிலை எடுத்தேன். இடது முன்சக்கரத்துக்குப் பதினேழு பவுண்டைத் திருப்பிக் கொடுத்தேன். இடது பின்சக்கரத்துக்குப் பதினேழு. வலதுபக்கம் ஏழும் ஏழும்.

தாள் இப்போது சரியாக இருந்தது. ஆறின ஒட்டுத் தெரியாத அளவுக்கு.