பாம்பு பார்த்த பெட்டிகள்

கண்ணாடித் தொட்டியில் வளர்ந்த பாம்பு முட்டையிடும் நாள் நெருங்கியது. வளர்ப்பவர் ஈரப்பாசி நிரப்பிய பெட்டி ஒன்றை உள்ளே வைத்தார். பாம்பு தலையை நுழைத்துப் பார்த்தது. வாசல் பெரிதாம். அவர் மாற்றி வைத்த அடுத்த பெட்டியில் வெளிச்சம் அதிகமாம். மூன்றாவதில் பாசி சொரசொரப்பாம்.

சுவர்ப்பல்லி கேட்டது: "ஏன்க்கா, முட்டையை வயித்துலயே வெச்சுக்கப் போறியா? நான் கடிகாரத்துக்குப் பின்னால இட்டுட்டு வந்துட்டேன்."

"உன்னை மாதிரி கண்ட இடத்துல போட்டுட்டுப் போக என்னால முடியாதுடி. என் பிள்ளைங்களுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது."

நான்காவது பெட்டியை முகர்ந்துகொண்டிருந்தபோதே வலி கண்டுவிட்டது. அருகிலிருந்த தண்ணீர்க் கிண்ணத்தில் சுருண்டு எல்லாவற்றையும் இட்டது. மூழ்கிய முட்டைகளுக்குள் ஒவ்வொன்றாக உயிர் அடங்கியது.

பல்லி சுவரிலிருந்து இறங்கி வந்து கண்ணாடி வழியே கிண்ணத்தைப் பார்த்தது.

பாம்பு அதனிடம் சொன்னது: "நல்ல பெட்டியா ஒண்ணு வெச்சிருந்தா இப்படி ஆகியிருக்குமா, சொல்லு?"