மாப்பிள்ளை திறந்து பார்க்காத தலை

ஒரு கருமுட்டை இருபத்தொன்பது வருடமாகக் காத்திருந்தாள். பிறப்பதற்கு முன்பே தன் நாற்பத்தாறு குரோமோசோம்களைப் பாதியாக்கத் தொடங்கி, நடுவிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். இன்றுதான் இருபத்து மூன்றை எண்ணி வைத்துக்கொண்டு மீதியை வெளியே தள்ளினாள். இனி ஒரே நாள்தான் கெடு. அதற்குள் யாரும் வராவிட்டால் அவள் கரைந்துபோவாள்.

இருபத்தொரு மணி நேரம் கழிந்த பிறகு, மூச்சிரைக்க ஒரு விந்தணு வந்து வாசலில் நின்றான். வயது எழுபத்து நான்கு நாள்.

"இங்க பாரும்மா, எங்க வம்சத்துக்குப் பையன்தான் வேணும். அதுக்கு ஒய் குரோமோசோம் வேணும். உன்கிட்ட இருக்கா?"

"எங்க பக்கம் எக்ஸ் மட்டும்தான், மாப்பிள்ளை. ஒய் உங்க பக்கத்திலிருந்துதான் வரணும். உங்க தலைக்குள்ள என்ன இருக்கு?"

"அதையெல்லாம் திறந்து பார்க்கிற வழக்கம் எங்க வீட்ல இல்ல. பையனுக்குப் பெண் வீடுதான் பொறுப்பு. முடியாதுன்னா சொல்லு, வேற இடம் பார்க்கிறேன்."

அவள் கணக்குப் பார்த்தாள். இருபத்து நான்கு மணி நேரத்தில் மூன்று மணி நேரம்தான் மிச்சம்.

"வெயில்ல நிக்காம உள்ள வந்து பேசுங்க" என்றாள்.

அவன் தலையை நுழைத்ததும் எல்லா வாசலும் அடைபட்டன. வால் உதிர்ந்தது. தலை தானாகத் திறந்துகொண்டது. அவள் ஒவ்வொன்றாக எண்ணினாள். இருபத்து மூன்றாவது, எக்ஸ்.

அவன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"வரும்போது சரியாத்தான் இருந்துச்சு. உன் வாசல்ல யாரோ மாத்திட்டாங்க."

"இருக்கும், மாப்பிள்ளை. கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்றாள் அவள். "நம்ம பொண்ணு இப்ப ரெண்டாப் பிரியப் போறா."