மாப்பிள்ளைக்குக் குறையில்லை

மாப்பிள்ளையை மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்து, கையையும் காலையும் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர் செந்தாமரை. ரேணுகா கையைப் பிடித்தாள். அவள் கணவன் சிவபிரகாஷ் காலைப் பிடித்தான்.

மாப்பிள்ளை ஒரு சீறு சீறினார். பிறகு வாலைச் சுருட்டிக்கொண்டு அடங்கிப்போனார்.

அவர் கோராட். தாய்லாந்துப் பூனை இனம். மழைமேக நிறம், மயிர் நுனியில் வெள்ளி மினுக்கு, பச்சைக் கண். அந்த ஊரில் கல்யாணப் பெண்ணுக்கு ஜோடியாகச் சீர் கொடுப்பார்களாம்.

ரேணுகாவுக்குத் தெரிந்து இந்தியாவில் வேறு யாரிடமும் அது இல்லை. கோட்டையூரில், தன் வீட்டில், அதன் முதல் குட்டி பிறக்க வேண்டும். இங்கிருந்து அந்த இனம் பெருக வேண்டும். மூன்று வருஷமாக அவளுக்கு வேறு நினைப்பில்லை.

பாங்காக்கில் கோராட் வளர்க்கும் ஒரு பெண்ணிடமிருந்து முதலில் நீலா வந்தாள். பிறகு அவளுக்கென்று இந்தக் கடுவன் பூனை. சென்னையிலிருந்து கூடையில் வந்து இறங்கிய அன்று ரேணுகா வாசலில் நிறுத்தி ஆரத்தி எடுத்தாள். அதோடு மாப்பிள்ளை என்பதே பெயராகிவிட்டது.

வேறு ரத்தம் கலந்தால் பிறக்கும் குட்டியைக் கோராட் என்று எந்தப் பூனைச் சங்கமும் ஒத்துக்கொள்ளாது. அதனால் வீட்டு நடுமுற்றமான வளவு முழுக்க மேலே வலை அடித்தாள். ஓட்டின்மேல் ஊர்க் கடுவன்கள் வந்து நீலாவைக் கூப்பிட்டால், தண்ணீரை வீசி விரட்டினாள்.

மாப்பிள்ளை தன் வேலையில் குறை வைக்கவில்லை. நீலாவுக்குக் காம்பு சிவக்கும், வயிறு லேசாகத் தடிக்கும். ரேணுகா பழைய சேலையை மடித்து அட்டைப்பெட்டியில் விரிப்பாள். சில வாரங்களில் எல்லாம் வற்றிப்போகும்.

"நம்ம வீட்டுக்கு வந்ததுக ரெண்டும் ஒரே ராசி," என்று மாமியார் புஷ்பவள்ளி நீலாவையும் ரேணுகாவையும் காட்டி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

ரேணுகா சிவபிரகாஷுக்கு இரண்டாம் தாரம். மூத்தவள் முத்தழகுக்கு இதயம் பலவீனம். மகன் ஆகாஷ் பிறந்தபோதே, இன்னொரு பிரசவத்தை அவள் தாங்க மாட்டாள் என்று சொல்லிவிட்டார்களாம். பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது போய்ச் சேர்ந்தாள்.

ஆகாஷ் இருக்கும்போது சிவபிரகாஷிடம் யார் குறை தேடுவார்கள்? ஊசியும் மாத்திரையும் ஸ்கேனும் ரேணுகாவுக்குத்தான். டைல்ஸ் கடையைப் பூட்டிவிட்டு ஒவ்வொரு தடவையும் அவன் கூட வந்தான். வலித்தபோதெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டான்.

மாப்பிள்ளை கதையும் அதுதான். அவருக்குப் பிறந்த குட்டிகள் என்று பாங்காக் அக்கா படம் அனுப்பியிருந்தாள். ஆகவே மருந்தெல்லாம் நீலாவுக்கு.

இன்றைக்குக் காலையில், இரண்டும் சேர்ந்த கையோடு, டாக்டர் நீலாவிடமிருந்து ஒரு துளி எடுத்துச் சோதித்திருந்தார். அதில் விந்தணு ஒன்றுகூட இல்லை. இப்போது மாப்பிள்ளையின் அடிவயிற்று மயிரை மழித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"தழும்பு இருக்கு பாருங்க," என்றார். "விதைய எடுக்கல. குழாய மட்டும் வெட்டி விட்டிருக்காங்க."

நிறையப் பெண்பூனை வைத்திருப்பவர்கள் இப்படி ஒரு கடுவனையும் வைத்துக்கொள்வது உண்டு என்று விளக்கினார். பருவத்தில் கத்தும் பெண்ணை அவன் அமர்த்திவிடுவான், சினை பிடிக்காது. வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. இது பழைய தழும்பு, இங்கே அனுப்புவதற்கு வெகுநாள் முன்பே செய்தது.

ரேணுகாவுக்கு உடனே கோபம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோப் பேச்சுகள்தான் நினைவுக்கு வந்தன. நீலாவின் வயிறு வற்றிய ஒவ்வொரு முறையும் பாங்காக் அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தியக் கோராட்டுகளுக்கெல்லாம் நீதான் தாய் என்பாள். நீலாவுக்கு வேறு மருந்து கொடுத்துப் பார் என்பாள்.

"தெரிஞ்சுக்கிட்டே கூட ஒக்காந்து அழுதிருக்கா," என்றாள் ரேணுகா. "அதத்தான் தாங்க முடியல. குறை நீலாகிட்டன்னு நானும் நம்பி, அந்த வாயில்லாச் சீவனுக்கு எத்தன ஊசி."

சிவபிரகாஷ் மாப்பிள்ளையின் காலைப் பிடித்தபடியே குனிந்திருந்தான்.

"வெட்டுனதத் திருப்பிச் சேக்க முடியாதா டாக்டர்?"

பூனைக்கு அப்படிச் செய்து தான் பார்த்ததில்லை என்றார் செந்தாமரை. சென்னையில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ரேணுகா கூடையைத் திறந்து வைத்தாள். "இன்னிக்கே கெளம்பிருவோம். சென்னையில ஆகலன்னா பெங்களூரு. நான் விடுறதா இல்ல."

"வேணாம் ரேணு. வீணா அலையாத," என்றான் சிவபிரகாஷ். "வருஷம் போயிட்டா, சேத்தாலும் பிரயோசனமில்லையாம். நான் மதுரையில கேட்டுட்டேன்."

"டாக்டரம்மாவே இப்பத்தான கண்டுபிடிச்சாக. நீங்க எப்பக் கேட்டீக?"

மாப்பிள்ளை காலை உருவிக்கொண்டு கூடைக்குள் போய்விட்டார். சிவபிரகாஷின் கைகள் மேசைமேலேயே இருந்தன.

"நம்ம கல்யாணத்துக்கு முந்துன மாசம்."