ரெண்டே ரெண்டு கேள்வி

"மேடம், ஒரு நிமிஷம்."

வாய்மொழித் தேர்வு நடத்த வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த பேராசிரியை வராந்தாவில் நின்றார். எதிரே, இஸ்திரி கலையாத சட்டையில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்.

"இன்னிக்கு வைவாவுல கடைசிப் பேரு என் வீட்டுக்காரிதான் மேடம். எம்.ஏ. பாலினவியல். பகல்ல பார்சல் ஆபீஸ் வேலை, சாயங்காலம் காலேஜ், நடுவுல ரெண்டு பசங்க. பாவம், ஓஞ்சு போயிட்டா. நீங்க பெரிய மனசு பண்ணி ரெண்டே ரெண்டு கேள்வியோட விட்டுடணும்."

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

மெக்கானிக் திரும்பித் தன் மைத்துனனைப் பார்த்துக் கண்ணடித்தார். அக்கா பதில் சொல்வதை வேடிக்கை பார்க்க லீவு போட்டுவிட்டு வந்தவன் அவன்.

"சொல்லிட்டேன் மாப்ள. வேலை முடிஞ்சது."

"அக்காவுக்குத் தெரிஞ்சா உங்க கதையே முடிஞ்சிடும் மாமா."

"அவகிட்ட யாரு சொல்லப் போறா? எல்லாம் அவளுக்காகத்தானே."

வைவாவை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். இருவரும் கடைசி பெஞ்சில் இடம் பிடித்தார்கள். முதலில் வந்த பையனைப் பேராசிரியை சின்னதாக நாலு கேள்வி கேட்டு அனுப்பிவிட்டார். அடுத்து வந்த பெண் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

"தங்கமான மனுஷி" என்றார் மெக்கானிக்.

அவர் மனைவி போய் உட்கார்ந்ததும் தங்கம் நிறம் மாறியது.

"பார்சல் கிடங்குல வேலை செய்யற பெண்களைப் பத்தி ஆய்வேடு எழுதியிருக்கீங்க. அவங்களுக்குக் கனமான வேலை கொடுக்காம, லேசான வேலையாப் பார்த்துக் கொடுக்கறாங்க. அது கருணைதானே? அதைப் போய்க் குத்தம்னு எழுதியிருக்கீங்களே?"

"கருணைதான் மேடம். அதனாலதான் எதிர்த்துப் பேச முடியல. திட்டறவர்கிட்ட சண்டை போடலாம். பாவம்னு சொல்றவருக்கு நன்றிதானே சொல்ல முடியும்? கூட வேலைக்குச் சேர்ந்த ஆம்பளைங்க எல்லாத்தையும் கத்துக்கிட்டு சூப்பர்வைசர் ஆயிட்டாங்க. இவங்க நன்றி சொல்லிக்கிட்டே அதே ஸ்டூல்ல உட்கார்ந்திருக்காங்க."

"எவன்டா அவன், நல்லது பண்றேன்னு இப்படிக் கெடுத்து வெச்சவன்?" என்று மெக்கானிக் மைத்துனன் காதில் கடுகடுத்தார்.

பேராசிரியை விடவில்லை. இந்த முடிவுக்கு ஆதாரம் எங்கே என்றார். ஆதாரத்தைச் சொன்னால், அதற்கு மாற்றுக் கருத்து ஏன் இருக்கக் கூடாது என்றார்.

"ஒரே ஒரு கிடங்கைப் பார்த்துட்டு ஊர் உலகத்துக்கே தீர்ப்பு சொல்லலாமா?"

"சொல்லல மேடம். கடைசி அதிகாரத்துல அதை ஒத்துக்கிட்டிருக்கேன்."

"அப்போ தலைப்பு மட்டும் ஏன் உலகத்தையே அளக்குது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "தலைப்பு தப்புதான். மாத்திடறேன். உள்ள இருக்கறதை மாத்த மாட்டேன்."

மெக்கானிக்குக் காது சூடானது. "அவளுக்குத் தண்ணி குடிக்கக் கூட நேரம் குடுக்கல பாரு. இந்தம்மாவுக்கு அவ மேல என்னடா பகை?"

"எல்லாம் உங்க சிபாரிசோட மகிமை மாமா. சும்மா இருந்திருக்கலாம்."

எழுந்து போய் நிறுத்திவிடலாமா என்று கூட அவருக்குத் தோன்றியது. ஆனால் முன்னால் அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. ஒரு பதிலுக்குப் பேராசிரியையே பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பெஞ்சில் முதுகு வளைந்து கிடந்த மெக்கானிக் எப்போது நிமிர்ந்து உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியாது. வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது, சின்னவனுக்குச் சளி என்று பேசுகிறவள்தானா இவள்?

ஒருவழியாக முடிந்தது. பேராசிரியைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த துறைத் தலைவர் எழுந்து, இந்தத் துறையில் இதுவரை யாருக்கும் இவ்வளவு மதிப்பெண் வந்ததில்லை என்றார். பேராசிரியை எழுந்து நின்று கை கொடுத்தார். மைத்துனன் விசில் அடிக்கப் போய், மாமா கையைப் பிடித்ததால் கைதட்டலோடு நிறுத்திக்கொண்டான். மாமாவுக்குக் கண் கலங்கியிருந்தது.

ஆனாலும் மனசு ஆறவில்லை. மற்றவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்ட நேரம் பார்த்துப் பேராசிரியையை வராந்தாவில் மறுபடி மறித்தார்.

"ஜெயிச்சுட்டா, சந்தோஷம் மேடம். ஆனா நான் அவ்வளவு கெஞ்சினேனே. மத்தவங்களை எல்லாம் பூ மாதிரி விட்டீங்க. என் மேல இருந்த கோவத்தை அவ மேல காட்டிட்டீங்களா?"

"கோவமா? நீங்க சொன்னதும் எனக்கும் பாவமாத்தான் இருந்தது. ரெண்டு கேள்வியோட விட்டுடலாம்னுதான் உள்ள போனேன்."

"அப்புறம் ஏன் மேடம்?"

பேராசிரியை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஆய்வேட்டை மேஜையில வெச்சப்போ உங்க வீட்டம்மா மெதுவாச் சொன்னாங்க. 'எங்க வீட்டுக்காரர் உங்களைப் பார்த்து எனக்காக ஏதாவது கேட்டிருப்பார் மேடம். அவர் ரொம்ப நல்லவர். நான் இதுல எழுதியிருக்கறதே அந்த மாதிரி நல்லவங்களைப் பத்திதான்.'"