பதினெட்டாயிரம் கிலோமீட்டர்

"மீட்டர்ல பதினெட்டாயிரம் கிலோமீட்டர் காட்டுதே தம்பி. பழசுன்னு தெரிஞ்சா அடுத்த கப்பல்லயே திருப்பி ஏத்திடுவாங்க," என்றது துருப்பிடித்த வேன். துறைமுகத்தில் மூன்று வருஷமாக நிற்கிற வேன் அது. "புதுசுன்னு அடிச்சு விடு. நானும் அப்படித்தான் சொன்னேன்."

வெளிநாட்டிலிருந்து முதலாளியோடு ஊர் திரும்பிய சிவப்புக் கார் வேனின் துருவைப் பார்த்தது. "அப்புறம் ஏண்ணே இன்னும் இங்கயே நிக்கிறீங்க?"

வேன் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது.

அதற்குள் சுங்க அதிகாரியின் ரப்பர் ஸ்டாம்ப் வந்து நின்றது. "ரோட்டுல ஓடியிருக்கியா?"

காருக்குப் பொய் வாயில் வரவே மாட்டேன் என்றது. "ஓடியிருக்கேன் சார். ரெண்டு வருஷமா தினமும் முதலாளியை வேலைக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"அதைச் சொல்ல இவ்வளவு நேரமா? ஊர் திரும்புறவர் அங்க ஒரு வருஷமாவது ஓட்டின காரைத்தான் கொண்டுவரலாம். புதுசுன்னு சொல்லியிருந்தா நீயும் இந்த வேன் பக்கத்துலதான் நின்னிருப்பே," என்ற ஸ்டாம்ப், காகிதத்தில் பொத்தென்று விழுந்தது.

காருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசலில் தடுப்புக் கம்பி மேலே போய்க்கொண்டே, "மெதுவாப் போ, ஹார்ன் அடிக்காதே," என்றது.

கார் ரெண்டையும் கேட்கவில்லை.